படம் பிடித்தவர்கள் குரலையும் பிடித்தார்கள்!

பழைய ஆல்பத்தைப் புரட்டினால் தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். அவர் வாய் நிறையக் கூப்பிட்ட அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது? இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களில் ஒரு காமிரா கம்பெனியும் உண்டு என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் இருந்தது ரெவியர் காமிரா கம்பெனி. அதன் அதிபர் ஸாமுவேல் பிரிஸ்கின் ஆரம்பத்தில் செய்து வந்தது என்ன தெரியுமா? மோட்டார் காருக்கான ரேடியேட்டர்! 1930-களின் இறுதியில்தான் அவர் 8 மில்லிமீட்டர் ஸினிமாக் காமிராவில் இறங்கினார். நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக் கூடியதாக இருந்ததால் வியாபாரம் அமோகமாக நடந்தது.

ஆனால் அது ஊமைப் படம். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடும். மழலை மட்டும் கேட்காது. அந்தப் படமும் ஒரு சுருளுக்குச் சுமார் 4 நிமிஷந்தான்.

இதற்குள் ஜெர்மனியில் வேறோர் அதிசயம் நடந்திருந்தது. இரும்புத் துகள் பூசிய நாடாவில் ஒலியைக் காந்தமாகப் பதிக்கும் கருவியை, 1935-ல் பெர்லின் ரேடியோக் கண்காட்சியில் வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த வித்தை அமெரிக்காவுக்கு வந்தது. 1950 வாக்கில் ரெவியரும் டேப் ரிக்கார்டர் செய்யத் தொடங்கிவிட்டது.

காமிராக்காரருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? பிலிமைச் சீராக ஓட்டுவதும் நாடாவைச் சீராக ஓட்டுவதும் ஏறக்குறைய ஒரே வித்தைதானே! ஓட்டம் தடுமாறினால் அங்கே படம் ஆடும். இங்கே பாட்டு அழும். வாங்குகிறவர்களும் அதே குடும்பத்தார்தான். இல்லத்தரசிக்குச் சிக்கனமும் இதில் உண்டு. 7 அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா. விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 32 நிமிஷம் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிஷம். பிலிமைப் போலக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வேண்டாததை அழித்துவிட்டு மறுபடியும் பதியலாம்.

லென்ஸுக்குப் பெயர் பெற்ற ராச்செஸ்டர் நகரத்து வோல்லன்ஸாக் கம்பெனியையும் 1950-களில் ரெவியர் வாங்கிக் கொண்டது. அந்தப் பெயரில் வந்த டி-1500 என்ற ரிக்கார்டர் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் உழைத்து நல்ல பெயர் எடுத்தது. ஆனால் 1960-லேயே ரெவியர், 3எம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஒலிநாடா செய்து விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது! வோல்லன்ஸாக் ரிக்கார்டர்கள் 1970-களிலும் வந்தன. ரெவியர் காமிராவோ பழம்பொருள் சேகரிப்பவர்களின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கம்பெனி போனால் போகட்டும். அந்த நாடாக்களில் இருக்கும் குரல்கள்? பிறந்த நாள் பாட்டு, பாட்டியின் சிரிப்பு, வியட்நாம் யுத்தத்துக்குப் போன மகன் சிறு ஸ்பூலில் பேசி அனுப்பிய ‘கடிதம்’ - இவை இன்னும் எத்தனையோ பெட்டிகளில் உறங்குகின்றன.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு ஸ்பூல் அகப்பட்டால் அவசரப்படாதீர்கள். வெயிலும் ஈரமும் காந்தமும் அதற்குச் சத்துருக்கள். பழைய மெஷின் ஏதாவது கிடைத்தது என்று உடனே மாட்டிவிட வேண்டாம். நாடா அறுந்து போகலாம். முக்கியமாக, பதிவுப் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள்! அதை அழுத்தினால், நாடா முதலில் கடப்பது அழிக்கும் காந்தத்தைத்தான். புதிதாக எதுவும் பேசாவிட்டாலும் பழைய குரல் போய்விடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகும் அசலை எறிந்துவிடாதீர்கள்.

முகத்துக்கு ஆல்பம் இருக்கிறது. குரலுக்கு அந்த ஒரு நாடாதானே இருக்கிறது!