கதவுக்கு உள்ளே – 7: மேல் தாளின் நிறம்

கணவன் அடிக்கிறான் என்று போலீஸுக்கு போன் வருகிறது. வண்டி வந்து நிற்கிறது. உள்ளே போகும் போலீஸ்காரர் அழுதுகொண்டிருப்பவளைப் பார்க்கிறார், சுவரோரம் மூச்சு வாங்க நிற்பவனைப் பார்க்கிறார். பிறகு கையிலிருக்கும் படிவக் கட்டைப் பார்க்கிறார். மேலே என்ன நிறத் தாள்?

ஒரு நிறம் வந்தால் கைது. இன்னொரு நிறம் வந்தால் இருவரிடமும் பேசி, அறிவுரை சொல்லிவிட்டுக் கிளம்பலாம். மூன்றாவது நிறம் வந்தால் அவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்ல வேண்டும்.

1981 மார்ச் முதல் 1982 ஆகஸ்ட் வரை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உண்மையாகவே இப்படி நடந்தது. நடத்தியவர்கள் லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் என்ற இரு சமூக ஆய்வாளர்கள். குரூரமாகத் தோன்றினாலும், தாள் நிறங்களைக் குலுக்கிப்போட்டு அடுக்கிய இந்தக் குலுக்கலுக்கு ஒரு காரணம் இருந்தது. யாரைக் கைது செய்வதென்று போலீஸையே தேர்ந்தெடுக்க விட்டால் மோசமானவனாகப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். அவன் திரும்பவும் அடித்தால், கைது பலிக்கவில்லையா அல்லது ஆளே அப்படித்தானா என்று சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தான காயம் பட்ட வழக்குகளைக் குலுக்கலில் சேர்க்கவில்லை.

விதிவிலக்குகளும் இருந்தன. அவன் போலீஸ் மேலேயே பாய்ந்தால் தாளை மதிக்க வேண்டாம். அவனைப் பிடித்துப் போங்கள் என்று அவள் விடாமல் கேட்டாலும் மதிக்க வேண்டாம். இந்த இரண்டாவது விதியை நான் பலமுறை திரும்பப் படித்தேன். அடி வாங்கியவளின் விருப்பத்துக்கு அந்த ஆய்வில் இருந்த இடம் அவ்வளவுதான். ஆய்வு வழி தவறும் இடங்களின் பட்டியலில் ஒரு வரி.

314 வழக்குகள் சேர்ந்தன. ஆறு மாதம் கழித்து போலீஸ் பதிவேட்டைப் புரட்டினார்கள். கைதானவர்களில் 10 சதவீதம் பேர் மறுபடி சிக்கியிருந்தார்கள். அறிவுரை பெற்றவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. பெண்களிடமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விசாரித்தார்கள். பன்னிரண்டு சுற்றும் பேசியவர்கள் 161 பேர், அதாவது பாதிதான். மீதிப் பேர் வீடு மாறினார்களா, பக்கத்தில் அவன் நின்றானா என்பதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் கிடையாது.

கைதைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள், வேறு ஊர்களிலும் சோதித்துப் பாருங்கள் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே ஷெர்மன்தான் முடிவைப் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் முனைந்து கொண்டுபோனவரும். ஊர் எதைக் கேட்டுக்கொண்டது என்று சொல்லவும் வேண்டுமா? போதாததற்கு, கனெக்டிகட்டின் டாரிங்டன் நகரில் போலீஸ்காரர் கண்ணெதிரே கணவனிடம் தலையில் உதை வாங்கிய டிரேசி தர்மனுக்கு 23 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பிறகு எந்த நகராட்சி, ‘குடும்பச் சண்டை, நமக்கென்ன’ என்று இருக்கும்? மாநிலம் மாநிலமாகக் கட்டாயக் கைதுச் சட்டம் வந்தது.

மற்ற ஊர்ச் சோதனைகளின் முடிவுகள் அதற்குப் பிறகுதான் வந்துசேர்ந்தன. ஓமஹாவிலும் சார்லட்டிலும் கைதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மில்வாக்கி முடிவுதான் எல்லோரையும் உலுக்கியது. வேலையில் இருப்பவன் கைதுக்குப் பின் அடங்கினான். வேலை இல்லாதவன் இன்னும் அதிகமாக அடித்தான். போக வேண்டிய வேலையோ காக்க வேண்டிய பெயரோ இல்லாதவனை ஓர் இரவு லாக்கப் என்ன செய்துவிடும்? காலையில் அவன் திரும்பி வருவது அதே வீட்டுக்குத்தான்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஷெர்மன் அதே மில்வாக்கி வழக்குகளை மறுபடி எடுத்தார். இந்தமுறை அவர் எண்ணியது பெண்களின் மரணங்களை. எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைவியரைவிட, கைதானவர்களின் துணைவியர் 64 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள். கறுப்பினப் பெண்களிடையே அது கிட்டத்தட்ட இரு மடங்கு. பெரும்பாலும் கொலைகள் அல்ல, இதயநோய் போன்ற சாதாரணச் சாவுகள். கண்முன் கணவனை விலங்கிட்டுக் கொண்டுபோவதைப் பார்த்த அதிர்ச்சியா என்று ஆய்வாளர்கள் யூகிக்கிறார்கள். கேட்டு உறுதிசெய்ய அந்தப் பெண்கள் இல்லை.

மினியாபொலிஸ் இருக்கும் அதே மினசோட்டாவின் வடக்கே, டுலூத் என்ற துறைமுக நகரில் அதே 1981இல் வேறொரு முயற்சி தொடங்கியது. அங்கே அடி வாங்கிய பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, வீட்டில் அவன் என்னென்ன செய்வான் என்று விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் வைத்து ஒரு சக்கரம் வரைந்தார்கள். அதன் ஆரங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)