'அவர்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வானொலி நேரலையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அழைப்பு வரும், எதிர்முனையில் குரல் மட்டும்தான். "சொல்லுங்கக்கா" என்பதா, "சொல்லுங்கண்ணே" என்பதா? குரலை நம்பினால் ஏமாந்து போவோம். அதனால் முதலில் பெயரைக் கேட்டுவிடுவோம். பிறகு பெயரோடு ஒரு 'ங்க' சேர்த்துப் பேச்சை ஓட்டிவிடலாம். நேயர்கள் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

இதே மரியாதையைத் திருநங்கையருக்கும் தரச் சொன்னால் மட்டும், "இப்பெல்லாம் எதைப் பேசினாலும் தப்பா?" என்று சலிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சலிப்பில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சொற்கள் வேகமாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நம் பாட்டி காலத்தில் 'அலி' என்றார்கள். பெரும்பாலோருக்கு அது வசையாகக்கூடத் தோன்றவில்லை. தெரிந்த ஒரே சொல் அதுதான். பிறகு 'அரவாணி' வந்தது. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில் அரவானை மணந்து, மறுநாளே தாலியறுக்கும் சடங்கிலிருந்து பிறந்த பெயர் அது. 'அலி'யோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் கூவாகத்துக்கே போகாதவர்கள், வேறு சமயத்தவர்கள், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்கள் ஆகியோருக்கு அந்தப் பெயரில் இடமில்லை.

அடுத்து வந்ததுதான் 'திருநங்கை'. பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் முன்வைத்த சொல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2019ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். 2008ல் தமிழ்நாடு அரசு இவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. அந்தக் காலகட்டத்தில்தான், கலைஞர் கருணாநிதி ஆட்சியில், இந்தச் சொல் அரசுப் பேச்சிலும் செய்திகளிலும் ஏறியது. ஆணாக வாழ்பவருக்குத் 'திருநம்பி', இரு சாராருக்கும் பொதுவாகத் 'திருநர்'. 2021ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த ஒரு வழக்கு, இந்தச் சொற்களை முறைப்படுத்தும் பேச்சைத் தொடங்கிவைத்தது. 2022ல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. மரியாதையான சொல் எது என்பதை அரசிதழ் சொல்லும் நிலை வந்தது வேடிக்கைதான். ஆனால் செய்தி வாசிப்பவருக்கு அது பெரிய உதவி.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு" என்று சொல்பவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொல்லைச் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே பேசிவிடுகிறது. அதற்கென்று தனி விகுதி இல்லை. உயர்திணைக்குரிய விகுதிகளையே அது ஏற்கும் என்கிறது. நன்னூல் இன்னும் தெளிவு. பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்பினால் ஆண்பால், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்பினால் பெண்பால் என்று சொல்லிவிடுகிறது. அதாவது, அவர் எப்படி வாழ விரும்புகிறாரோ அந்தப் பால். (அதே நூற்பா, அஃறிணை போலவும் வரும் என்று ஒரு வாலைச் சேர்த்து வைத்திருப்பதையும் மறைப்பதற்கில்லை. 'அது வருது பாரு' என்று சொல்லும் பழக்கமும் நம்மிடம் பழையதுதான்.)

ஆங்கிலத்தில் 'ஹி', 'ஷி', 'தே' என்று பெரிய சண்டையே நடக்கிறது. நமக்கு அந்தத் தலைவலி இல்லை. தமிழில் 'அவர்' இருக்கிறது. மலாய் மொழியில் 'டியா' என்றால் ஆணும்தான், பெண்ணும்தான். காலையில் ரோட்டி சானாய் கடையில் தொடங்கி அலுவலகம் வரை நாள் முழுக்க 'டியா' என்று பேசும் நமக்கு, ஒருவரின் பாலைச் சொல்லாமல் பேசுவது புதிதா என்ன?

ஆனால் அதே மலாய் மொழியிலிருந்துதான் 'பொண்டான்' என்ற சொல்லும் நம் பிள்ளைகள் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல் வேண்டாம் என்றுதான் இங்குள்ள திருநங்கையர் 1980களிலேயே 'மாக் ஞா' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பள்ளித் திடலில் பழைய சொல் இன்னும் போகவில்லை. கொஞ்சம் மென்மையாகப் பேசும் பையன், பந்தாட வராத பையன், எல்லாருக்கும் அதே பட்டம். 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டுச் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். அவரை அந்தச் சொல்லால் கேலி செய்து வந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அவர் திருநங்கையா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்தச் சொல் அவருக்கு வெறும் சொல்லாக நிற்கவில்லை.

திரைப்படங்களையும் விட முடியாது. 'ஒன்பது' என்ற எண்ணையே கெடுத்து வைத்திருக்கிறது நம் நகைச்சுவை. 2015ல் 'ஐ' படம் வந்தபோது சென்னையில் திருநங்கையர் போராட்டம் நடத்தினார்கள். இங்கே திரையரங்கில் அந்தக் காட்சிகளுக்குச் சிரித்தவர்கள் நாமும்தான்.

திருநர் எல்லாரும் ஒரே சொல்லை விரும்புகிறார்களா என்றால், இல்லை. 'திரு' என்று சேர்த்து எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், பெண் என்று சொன்னால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். 'மூன்றாம் பாலினம்' என்பதைக் கேட்டால், அப்படியென்றால் முதல் பாலினம் யார் என்று கேட்பவர்களும் உண்டு. ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அவரிடமே கேட்டுவிடுவது எளிது. பெயரைச் சொன்னால் அந்தப் பெயர். பழைய பெயர் என்ன என்று துருவ வேண்டியதில்லை.

உண்மையில் கடினமான இடம் வீடுதான். மேடையில் 'அவர்' போதும். வீட்டில் யாரும் யாரையும் 'அவர்' என்று கூப்பிடுவதில்லை. அண்ணன், தங்கச்சி, மச்சான், சித்தப்பா என்று நம் உறவுப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. இருபது ஆண்டுகள் 'தம்பி' என்று கூப்பிட்ட வாய், ஒரே இரவில் 'தங்கச்சி' என்று மாறாது. இரண்டு மூன்று முறை நழுவும். நழுவும்போது திருத்திக்கொள்ளும் அக்காவுக்கும், வேண்டுமென்றே விருந்தினர் முன் பழைய பெயரை உரக்கக் கூப்பிடும் மாமாவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பெயரைப் போடுவது, தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினரிடம் எப்படி அறிமுகப்படுத்துவது என்ற பேச்சை அந்தப் பிள்ளையையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். பல வீடுகளில் அந்தப் பிள்ளை இல்லாதபோதுதான் பேசுகிறார்கள்.