கச்சான் என்று தேடினால்

நெடுங்கேணிச் சந்தியில் ஒரு தொடர்பகத்தில் போட்டோக்கொப்பிக்காகக் காத்திருந்தேன். அடுத்த கதிரையில் வந்திருந்த அம்மா கைத்தொலைபேசியை வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு, "கச்சான் இலையில கறுப்புப் புள்ளி வந்தா என்ன மருந்து அடிக்கிறது?" என்று கேட்டார். திரையில் வந்ததை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தம்பி, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ. கண்ணாடி கொண்டரேல்லை." கச்சான் அல்வா செய்முறை இருந்தது. கச்சான் காற்றைப் பற்றி ஒரு செய்தி இருந்தது. கச்சான் சாப்பிட்டால் உடலுக்கு என்ன நன்மை என்று ஒரு காணொளி இருந்தது. அவருடைய தோட்டத்துப் பயிருக்கு ஒரு வரி இல்லை.

அதற்கு முந்திய வருடம் இதே வருத்தத்தைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் ஏற்றியிருந்தேன். தலைப்பு, 'நிலக்கடலைச் செய்கையில் இலைப்புள்ளி நோய் முகாமைத்துவம்'. விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதியது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அதைத் திறந்து வாசித்தேன். முழுக் கட்டுரையிலும் 'கச்சான்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லியே வளர்ந்தவன் நான். எழுத உட்கார்ந்ததும் அதை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

கீவேர்ட் என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் சொல்வது இதைத்தான். தேடுகிறவர் வாயில் இருக்கிற சொல், எழுதுகிறவர் பக்கத்திலும் இருக்க வேண்டும். தேடுபொறி செய்கிற வேலையின் அடிப்படை, பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு போன்றது. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். கேட்டதும் எடுத்துத் தரும். 2019இல் கூகிள் பேர்ட் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு, சொல்லை மட்டும் பார்க்காமல் சொற்றொடரின் பொருளையும் அது ஓரளவு பிடிக்கிறது. ஆனால் கச்சானும் நிலக்கடலையும் ஒரே பயிர் என்று ஓர் இயந்திரம் அறிவதற்கு, இரண்டு சொல்லும் சேர்ந்து வருகிற பக்கங்களை அது நிறைய வாசித்திருக்க வேண்டும். அந்தப் பக்கங்களை யார் எழுதுவது? என்னைப் போன்றவர்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

தமிழ் இணையத்தில் பயிர்ச்செய்கை பற்றி விரிவாக எழுதப்பட்டதில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளம் தமிழிலேயே அவ்வளவு விடயங்களைத் தருகிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே உரம், இங்கே இலங்கையில் பசளை. அங்கே பூச்சிக்கொல்லி, இங்கே கிருமிநாசினி. கேழ்வரகு என்றும் ராகி என்றும் அங்கே எழுதுவதை நாங்கள் குரக்கன் என்கிறோம். காராமணி எங்களுக்குக் கௌபி. பப்பாளி பப்பாசி. அங்கே குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் பிரிப்பார்கள். இங்கே காலபோகம், சிறுபோகம் இரண்டுதான். வருத்தம் என்றால் அங்கே மனத்துயரம், இங்கே நோய்.

சொல் வேறுபட்டால் பக்கம் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். ஒரே சொல் இரண்டு கரையிலும் வேறு வேறு பொருளில் நிற்கும்போதுதான் எனக்குப் பயம். 'சோளம்' என்று எங்கள் கமக்காரர் தேடுவது, தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்று எழுதப்படுவதை. அங்கே வெறும் 'சோளம்' என்றால் நாங்கள் இறுங்கு என்று சொல்கிற தானியம். 2018இல் படைப்புழு இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஆண்டில் புகுந்தது. இங்கே அதைச் சேனா என்றே சனம் சொன்னது. அப்போது 'சோளம் சேனா' என்று தேடிய ஒருவருக்கு வேறொரு பயிரின் மருந்தளவு கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெல்லினங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஏ.டி. என்று தொடங்கும் எங்கள் இனங்கள் அம்பலாந்தோட்டையில் உருவானவை, ஏ.டி.டி. என்று தொடங்குபவை ஆடுதுறையில் உருவானவை. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். தலைப்பில் 'இலங்கை' என்றோ 'வன்னி' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கப்பட்டது. இடையில் நின்ற அந்த மாதங்களில் இங்கே எல்லோர் வாயிலும் இருந்த சொல் 'சேதனப் பசளை'. இணையத்தில் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்த செய்முறைகளோ 'இயற்கை உரம்' என்ற பெயரில் இருந்தன. இரண்டு பெயரையும் ஒரே பந்தியில் போட்டு ஆளுக்கொரு கட்டுரை எழுதியிருந்தால், அந்தப் போகத்தில் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். நான் அப்போது அதைச் செய்யவில்லை என்பது இன்றும் மனதில் கிடக்கிறது.

இதைச் சொன்னதும் சில நண்பர்கள், அப்படியானால் கச்சான், நிலக்கடலை, வேர்க்கடலை என்று எல்லாவற்றையும் வரிக்கு வரி அடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைத்து ஏமாற்றியவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாகச் சொற்பட்டியல் இடுவதை இன்னும் சிலர் செய்கிறார்கள்; அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது. 2011இல் பாண்டா, 2012இல் பெங்குவின் என்று வந்த மாற்றங்கள் சாரமில்லாத பக்கங்களையும் சொல் திணித்த பக்கங்களையும் கீழே தள்ளின. தமிழில் இந்தத் திணிப்பு, 2018 பெப்ரவரியில் கூகிளின் அட்சென்ஸ் விளம்பரங்கள் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகும் ஓயவில்லை. வராத பரீட்சை முடிவுக்கு 'பெறுபேறு வெளியானது' என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திறந்து ஏமாந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் டேற்றாக் காசைக் களவெடுப்பது. தேடுசொல்லைத் தலைப்பில் வைத்தால், அந்தச் சொல் கேட்கிற கேள்விக்குக் கீழே பதில் இருக்க வேண்டும்.

தலைப்பின் முன்பாதியில் ஒரு தடவை, முதற்பந்தியில் ஒரு தடவை, பொருத்தமான உபதலைப்பில் ஒரு தடவை, படத்துக்கு எழுதும் விளக்கத்தில் ஒரு தடவை. இது போதும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. நீண்ட தலைப்பைத் தேடல் பக்கம் நடுவே வெட்டிவிடும். ஆகவே முக்கியமான சொல் முன்னே நிற்க வேண்டும். மாற்றுப் பெயர்களை முதற்பந்தியில், 'கச்சான், அதாவது நிலக்கடலை' என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு எங்கள் சொல்லிலேயே எழுதிப் போகலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரைக்கு வேறு பெயர்களிலிருந்து வழிமாற்று அமைக்கும் ஏற்பாடு உண்டு. எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே பக்கத்துக்குக் கூட்டிப்போகும். தனியாக எழுதுகிற நாங்கள் அந்த வழிமாற்றைப் பந்திக்குள்ளேயே செய்ய வேண்டியிருக்கிறது.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இழப்பு அதிகம் நடப்பது அங்கேதான். அலுவலக அறிவித்தல், பாடசாலை வினாத்தாள், கோயில் மலர் என்று இன்றும் பாமினி எழுத்துருவில் அடிப்பவர்கள் நிறைய. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள் கிடப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள். அந்தக் கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால் எந்தத் தேடுபொறி வந்து பார்த்தாலும் அங்கே அம்மா இல்லை. கச்சான் செய்கை பற்றி நல்லதொரு துண்டுப்பிரசுரம் பாமினியில் இருந்தால் அது இணையத்தில் இல்லாததற்குச் சமம். ஏற்றுவதற்கு முன் யூனிகோட்டுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான் இரண்டும் எழுத்தில் உண்டு. 2024 மார்ச்சில் மகாசிவராத்திரி வழிபாட்டின்போது நடந்த கைதுகளால் வெடுக்குநாறி மலை செய்திகளில் அடிபட்டது. அந்தப் பெயரைச் சின்ன ரகரத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள். நெடுங்கேணியை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஆர்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊரைத் தேடும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைத்தால் இன்னொரு சங்கடம்: நெடுங்கேணி என்ற ஐந்தெழுத்து, வட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளும் எண்களும் எழுத்துகளுமாக 90 குறிகளாக நீண்டுவிடலாம். அதனால் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே என் வழக்கம்.

எந்தச் சொல்லை எடுப்பது என்று பார்க்கக் கருவிகள் இருக்கின்றன. தேடல் பெட்டியில் 'கச்சான்' என்று அடித்து நிறுத்தினால், அடுத்து என்ன கேட்கிறார்கள் என்று அதுவே காட்டும். கூகிள் ட்ரெண்ட்ஸில் இலங்கையை மட்டும் தெரிவுசெய்து இரண்டு சொற்களை ஒப்பிடலாம். ஆனால் எங்கள் சொற்கள் பலவற்றுக்கு அந்தக் கருவிகள் வெறுமையைத்தான் காட்டும். தேடுகிறவர் தொகை சிறிது. அதைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைக் கைவிடக் கூடாது. நாள்தோறும் வருகிற தேடல்களில் 15 சதவீதம் முன்பு ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகிளே சொல்லியிருக்கிறது. தொடர்பகத்து அம்மாவின் கேள்வி அந்த 15க்குள் இருந்திருக்கலாம்.

அன்று அவருக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை கமநல சேவை நிலையத்துக்குப் போய், வாசல் மரத்தடியில் நின்றவர்களிடம் இலையில் வரும் கறுப்புப் புள்ளியை என்னவென்று சொல்லுவீர்கள் என்று கேட்டேன். "புள்ளி வருத்தம்" என்றார் ஒரு ஐயா. "இலை கருகிறது எண்டுதான் நாங்கள் சொல்லுறது" என்றார் இன்னொருவர். "இலை கொட்டுற வருத்தம்" என்றார் பின்னால் நின்ற அக்கா. மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இரவு பழைய கட்டுரையைத் திறந்து, தலைப்பை அழித்துவிட்டு அடித்தேன்: 'கச்சான் இலையில் கறுப்புப் புள்ளி வந்து இலை கொட்டினால் என்ன செய்யலாம்?'