இராஜபார்ட் மரபும் கே. பி. சுந்தராம்பாளின் திரை வேடங்களும்

கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935 முதல் 1970கள் வரை திரையில் தோன்றியவர். எனினும், காதலித்து மணம்புரியும் கதைத்தலைவியாக அவர் ஒரு படத்திலும் நடித்ததில்லை. பெண்ணின் இளமையையே முதலாகக் கொண்டு வளர்ந்த ஒரு தொழிலில் இது வியப்புக்குரியது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் அவரது கைம்மையாகும். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்றுமுதல் வெள்ளாடை பூண்ட அவர், வேறு எந்த நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். இக்காரணம் மெய்யே, ஆயினும் அது பாதி விளக்கம்தான். உறுதி பூண்ட ஒருவர் மேடையை விட்டே விலகியிருக்கலாம். விலகாமல் தொழிலைத் தொடர்வதற்கான வழியை அவருக்கு முன்பே திறந்து வைத்திருந்தது நாடக மரபு.

ஸ்பெஷல் நாடகம் என்பது, வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஓர் இரவுக்கு மட்டும் ஒப்பந்தமாகி, கூட்டு ஒத்திகையின்றி நடத்துவது. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோரின் பாடல்கள் நடிகர் அனைவர்க்கும் மனப்பாடமாயிருந்தமையால் அது இயன்றது. யார் எந்த ஊரினர் என்பதைவிட, இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என எந்தப் பார்ட்டுக்கு உரியவர் என்பதே முதன்மை பெற்றது. வேலு நாயர் குழுவில் சிறுமியாகச் சேர்ந்த சுந்தராம்பாள், வளர்ந்தபின் ஸ்திரீபார்ட்டோடு இராஜபார்ட்டும் ஏற்றார்.

ஒரு பெண்ணை அரசனாக அவையோர் எங்ஙனம் ஏற்றனர்? விடை சுருதியில் உள்ளது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும் உச்சக் குரலே ஆடவர்க்கும் பெருமை தந்தது. கிட்டப்பாவின் புகழும் அத்தகைய குரலால் விளைந்ததே. ஆகவே, ஆண்குரல் தாழ்ந்தும் பெண்குரல் உயர்ந்தும் ஒலிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அம்மேடையில் வலுப்பெறவில்லை. பாட்டில் வென்றவரே அரசர்.

அக்கால நாடகக் குழுக்களுக்கு நல்ல வருவாய்க் களமாக விளங்கியது கொழும்பு. 1920களின் நடுப்பகுதியில் அங்கேதான் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் இணைந்து மேடையேறினர். அவர்களது மணவாழ்வு ஆறேழு ஆண்டுகளே நீடித்தது. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளிலும் சுந்தராம்பாள் பாடினார்.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்காக அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். தொகையே பெரிதும் பேசப்படுகிறது. வேடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடம். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இராஜபார்ட் மரபு திரைக்கு நேராகவே இறங்கி வந்த இடம் இது. ஆனால் அண்மைக் காட்சிகளைக் காட்டும் காமிராவின் முன் அம்மரபு நெடுநாள் நிலைக்கவில்லை. பெண் ஆணாக நடித்தல் திரையில் வேடிக்கைக்குரியதாகச் சுருங்கியது.

ஆணுக்கு இணையாகவும் நில்லாமல், ஆணாகவும் தோன்றாமல் நடிப்பதற்கு எஞ்சியவை துறவும் முதுமையுமே. ‘மணிமேகலை’யில் (1940) உதயகுமாரனின் காதலை மறுத்த துறவி, ‘ஔவையார்’ படத்தில் (1953) அரசரிடையே தூது செல்லும் மூதாட்டி, ‘பூம்புகார்’ படத்தில் (1964) கவுந்தியடிகள் என அவ்வேடங்கள் தொடர்ந்தன. அரசனைப் போலவே இவர்களும் அவை நடுவே நின்று அறம் உரைப்பவர்கள். அதற்கு வேண்டிய குரல் இராஜபார்ட்டில் பழகிய குரலே. ‘பூம்புகார்’ படத்தில் தெய்வத்தை ஐயுறும் அடியொன்றைப் பாட மறுத்து அதனை மாற்றச் செய்தார் என்பது திரையுலகில் இன்றும் வழங்கும் செய்தி. கதை வசனம் மு. கருணாநிதியுடையது என்பதை நினைத்தால் அவர்தம் அதிகாரத்தின் அளவு விளங்கும்.

1951இல் சென்னைச் சட்ட மேலவையின் நியமன உறுப்பினரானார். ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றபோது அகவை அறுபதைக் கடந்திருந்தார். ‘ஔவையார்’ படத்தில் இளமைப் பருவத்துக்குக் குசலகுமாரியும், ‘காரைக்கால் அம்மையார்’ (1973) படத்தில் இல்லறப் பருவத்துக்கு லட்சுமியும் நடித்தனர். இரண்டிலும் இளமை நீங்கிய பின்னரே சுந்தராம்பாள் தோன்றுகிறார்.