இருமலும் வயிற்று வலியும் ஒரே பூச்சியால்

பிள்ளைக்கு இருமலும் இழுப்பும் கண்டால் பனி என்கிறோம். வயிறு உப்பினால் மாந்தம் என்கிறோம். ஒரே நாக்குப்பூச்சி முன்னதை முதலிலும் பின்னதைச் சில மாதங்கள் கழித்தும் உண்டாக்கக்கூடும் என்பதைத் தாய்மார்கள் பலர் அறியார். இஃது அடிக்கடி நேர்வதன்று. அதனாலேயே நேரும்போது பிடிபடாமற் போகின்றது.

ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்குச் சுமார் 200,000 முட்டைகள் இடும். மலத்தோடு நிலத்தில் விழும் முட்டை, பால்மர நிழல் போன்ற ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் பக்குவமடையும். மண்ணளையும் பிள்ளையின் கைவழியே அது வயிற்றை அடைந்ததும் நுண்புழு வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கல்லீரலுக்கும் பின் நுரையீரலுக்கும் செல்கின்றது. அங்கிருந்து மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மீண்டும் குடலுக்கே வந்து முழுப் பூச்சியாகின்றது.

இதனை மெய்ப்பிக்க 1922ஆம் ஆண்டில் கோயினோ என்னும் ஜப்பானிய மருத்துவர் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கினார். சில நாளில் காய்ச்சலும் இருமலும் வந்தன. சளியில் நுண்புழுக்கள் காணப்பட்டன. ஏறத்தாழ ஐம்பது நாளுக்குப் பின் மருந்துண்டு 667 பூச்சிகளை வெளியேற்றினார். துணிவு மிக்கவர்தாம், எவரும் பின்பற்றத் தக்கதன்று!

நுரையீரலில் புழு இருக்கும் நாளில் மலத்தைச் சோதித்தால் முட்டை இராது. குடலில் பூச்சி முதிர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். ஆகவே அப்போது மருத்துவர் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளணுக்களின் பெருக்கத்தையும் நெஞ்சுப் படத்தையும் கொண்டே ஊகிக்கின்றார். "பிள்ளை மண் தின்கிறான், முன்பு பூச்சி விழுந்தது" என்று தாய் கூறும் சொல் அவருக்குப் பெருந்துணை. ஆனால் நாட்பட்ட இருமலுக்குக் காசமும் ஆஸ்துமாவும் காரணமாகலாம். பூச்சியென்று நாமே முடிவு கட்டலாகாது.

அஞ்ச வேண்டியது குடலடைப்பு. பூச்சிகள் பந்துபோல் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடும். விட்டுவிட்டு வரும் கடும் வலி, பச்சை நிற வாந்தி, வயிற்று உப்பல், மலமும் காற்றும் வெளிவராமை ஆகியவை அதன் அறிகுறிகள். சிலவேளை வாந்தியில் பூச்சியும் வரும். இந்நிலையில் விளக்கெண்ணெயோ பூச்சி மாத்திரையோ கொடுப்பது பெருந்தீங்கு. பேதி மருந்து குடலை மேலும் இறுக்கும். இறந்த பூச்சிகள் அடைப்பைப் பெருக்கும். உணவும் நீரும் கொடாமல் தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அங்கு மூக்குவழிக் குழாயிட்டு, நரம்பு வழியே நீரேற்றுவர். பெரும்பாலும் இதனாலேயே அடைப்பு நீங்கும். நீங்காவிடில் அறுவை செய்வர்.

அடைப்பில்லாத பிள்ளைக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஒருவேளை போதும். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம்; அதற்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 1974 முதல் 1983 வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து தரும் தேசியத் திட்டம் நடைபெற்றது. இன்று அப்பொறுப்பு பெற்றோரைச் சார்ந்தது. நுரையீரலிலுள்ள இளம்புழுவை இம்மாத்திரை அழிக்குமென நம்பியிருத்தல் இயலாது. எனவே இருமல் நின்ற பிள்ளையையும் மூன்று மாதங்கள் கழித்து மலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்க.