385 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதியில் ரெசலூட், கிரீஸ் ஃபியோர்ட் என்று இரண்டு சிற்றூர்கள் உள்ளன. தனித்தனித் தீவுகளில் இருக்கும் இவற்றுக்கிடையே சாலை கிடையாது. ஆண்டில் பெரும்பகுதி கடல் உறைந்து கிடக்கும். ஆகவே, போக்குவரத்து என்றால் விமானம்தான்.

எவ்வளவு தூரம்? வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 12 பாகை தீர்க்கரேகை வேறுபாடு. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே 12 பாகை சென்றால் 1,300 கிலோமீட்டரைத் தாண்டி, போர்னியோத் தீவின் உட்பகுதிக்கே போய்விடுவோம். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் 75 பாகையின் கோசைனை 111ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரு பாகைக்கு 29 கிலோமீட்டர்கூட வராது! வடக்கு-தெற்கு வேறுபாட்டையும் சேர்த்தால் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 385 கிலோமீட்டர். சிங்கப்பூர்-கோலாலம்பூர் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அது அரை மணி நேர வேலை. ஆனால் கிரீஸ் ஃபியோர்டில் ஜெட் இறங்க முடியாது. சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளம். மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கிரீஸ் ஃபியோர்டின் சரளைக்கல் ஓடுபாதையோ ஏறக்குறைய 500 மீட்டர்தான். அதில் இறங்கக்கூடியது 'டுவின் ஓட்டர்' என்ற சிறிய இரட்டை விசிறி விமானம். அதற்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், வானிலை ஒத்துழைத்தால். மேகம் தாழ்ந்துவிட்டாலோ காற்று வலுத்துவிட்டாலோ காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த டுவின் ஓட்டர் முதன்முதலில் பறந்தது 1965ல். இங்கே குடும்பங்கள் கொண்டுவந்து விடப்பட்டதோ அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு.

1953ல் கனடா அரசாங்கம், கியூபெக் மாநிலத்தின் இனுக்ஜுவாக் பகுதியில் வாழ்ந்த இனூயிட் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே கப்பலில் அனுப்பியது. நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று வாக்குறுதி தரப்பட்டது. வடக்குத் தீவுகள் தன்னுடையவை என்று காட்ட அரசாங்கம் மனிதர்களைக் கொடிக்கம்பங்களாக நட்டது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவதாக நம்பியவர்களுக்கு, தாங்கள் பிரிக்கப்படப்போவது கப்பலில்தான் தெரிந்தது. உறவினர்களில் சிலர் ரெசலூட்டிலும் சிலர் கிரீஸ் ஃபியோர்ட் பக்கமும் இறக்கப்பட்டனர்.

இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கும். புது இடங்களில் அது மாதக்கணக்கில் தலைகாட்டவில்லை. ரெசலூட்டின் இனூயிட் பெயருக்கு 'விடியல் இல்லாத இடம்' என்று பொருள். கிரீஸ் ஃபியோர்டின் பெயருக்கு 'உருகாத இடம்' என்று பொருள். திரும்பிச் செல்லும் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. 1980களின் இறுதியில்தான் சிலர் அரசாங்க உதவியுடன் ஊர் திரும்பினர்.

கனடா அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010 ஆகஸ்டில். அதே ஆண்டு இரண்டு ஊர்களிலும் நினைவுச்சின்னங்கள் திறக்கப்பட்டன. ரெசலூட்டில் ஓர் ஆண் தன்னந்தனியாகக் கிரீஸ் ஃபியோர்டின் திசையைப் பார்த்து நிற்கிறார். கிரீஸ் ஃபியோர்டில் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும், பக்கத்தில் ஒரு நாயும். அவர்கள் பார்ப்பது ரெசலூட்டின் திசையை.