கஞ்சாப் பயிரும் மலைக் குடியானவனும்

இமயமலைச் சரிவில் வாழும் குடியானவனுக்குக் கஞ்சாச் செடியைப் பயிரிடக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் நகைப்பர். அவன் வீட்டுப் புறத்திலும், ஓடைக் கரையிலும், தரிசு நிலத்திலும் விதைப்பாரின்றி ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி நிற்பது அச்செடி. அதன் நாரினால் அவனுடைய முன்னோர் கயிறு திரித்தனர். குமாவூன், கர்வால் பிரதேசங்களில் அந்நாரைக் கொண்டு நெய்த முரட்டுத் துணிக்குப் பங்கேலா என்று பெயர். அதன் விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்வது அங்கே இன்றும் வழக்கம். குலு பள்ளத்தாக்கில் தோல் செருப்புக்கு இடமில்லாத கோயில்களில், அந்நாரால் பின்னிய பூலா என்னும் பாதரட்சையை அணிந்து நடப்பர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக அச்செடியோடு உறவாடி வருகிறவனுக்கு நவீன முறை என்ற பெயரால் பயிற்சி முகாம் எதற்கு?

பயிற்சி வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எதைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது, கற்றவன் கையில் முடிவாக என்ன மிஞ்சும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாத பயிற்சியினால் குடியானவனுக்கு நன்மை விளையாது. அவனை மேலும் ஆபத்தில் தள்ளுவதற்கும் அது காரணமாகலாம்.

இவ்விஷயத்தை இப்போது எடுத்துப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டில், மயக்கச் சத்துக் குறைந்த கஞ்சாச் செடியை நாருக்காகவும் விதைக்காகவும் வியாபார முறையில் பயிரிட அநுமதி வழங்கிய முதல் ராஜ்யமாக உத்தராகண்டம் விளங்கிற்று. ஹிமாசலப் பிரதேசத்தில் 2023-ஆம் ஆண்டில் ரெவினியூ மந்திரியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையை 2024-ஆம் ஆண்டில் சட்டசபை ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில், பாலம்பூர் விவசாய சர்வகலாசாலையும் நௌணி தோட்டக்கலை சர்வகலாசாலையும் சேர்ந்து பரீட்சார்த்தமாக ஆராய்ச்சி நடத்த மந்திரிசபை இசைவு தந்தது. ஜம்முவிலுள்ள சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனம் சத்தா என்னுமிடத்தில், மருந்துக்காக இச்செடியைப் பாதுகாவலுடன் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. எங்கெங்கே சட்டம் கதவைத் திறக்கிறதோ, அங்கெல்லாம் சாகுபடி முறைகளைப் போதிப்பவரும் பின்னே வருவது உலக அநுபவம்.

மதுவிலக்கில் பற்றுள்ள நமது நேயர்கள் சிலர், "கஞ்சாவை வளர்க்கச் சொல்லிக் கொடுப்பதா?" என்று முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுடைய கவலையை நாம் மதிக்கிறோம். இளம்பிராயத்தில் இதைப் புகைத்து அறிவும் உடலும் கெட்டவர்கள் உண்டென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் ஒரே செடியில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உள்ளன என்பதை மறக்கலாகாது. தண்டிலே நார், கதிரிலே விதை, பெண் செடியின் பூங்கொத்திலே பிசின். மயக்கம் தருவது பிசின் மட்டுமே. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டமே விதையையும் இலையையும் பூங்கொத்தினின்றும் வேறாகப் பிரித்து வைக்கிறது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிடச் சர்க்கார் உத்தரவு அளிக்கலாம் என்று கூறுகிறது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் தொழிலுக்கான நாரையும் விதையையும் தன் பிடியிலிருந்து விலக்கியே வைத்தது. ஆகவே நாம் பேசுவது போதையைப் பரப்பும் வித்தையைப் பற்றியதன்று. சட்டம் இடங்கொடுத்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் நடக்காத ஒரு பாதையைப் பற்றியது.

இனி, நவீன முறை என்பது என்ன? மேனாடுகளில் அப்பெயரால் பெரிதும் போதிக்கப்படுவது, நாலு சுவருக்குள்ளே மின்விளக்கின் ஒளியில் செடியை வளர்க்கும் முறையாகும். பகற்பொழுது குறுகும்போது பூப்பது இச்செடியின் இயல்பு. ஆதலால் விளக்கை ஏற்றியும் அணைத்தும் செயற்கையாகப் பருவத்தை உண்டாக்கி, வருஷத்தில் பல போகம் எடுக்கிறார்கள். குளிர்விக்கும் யந்திரம், காற்றாடி, ஈரத்தை அளக்கும் கருவி, மண்ணுக்குப் பதிலாகச் சத்து கரைத்த நீர் என்று எல்லாமே விலைக்கு வாங்கப்படுகின்றன. அமெரிக்காவில் இவ்வாறு வீட்டுக்குள் நடக்கும் சாகுபடி அத்தேசத்தின் மின்சாரத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று எவன் மில்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2012-ஆம் ஆண்டில் கணக்கிட்டார். பூங்கொத்தை விற்றுப் பணமாக்கும் முதலாளிக்கு அச்செலவு கட்டலாம். நாருக்கும் விதைக்கும் பயிரிடும் மலைக் குடியானவனுக்கோ சூரியன் கூலியின்றி ஒளி தருகிறான். மலைக் காற்றுக்கு வாடகை இல்லை. இவற்றை விட்டு விளக்கின் மகிமையை அவனுக்கு உபதேசிப்பது, ஆற்றங்கரையில் இருப்பவனுக்குத் தண்ணீர் விற்பது போலாகும்.

அவனுக்கு உண்மையில் வேண்டிய வித்தை வேறு. அது என்னவென்று அறிய நம் தேசத்தின் பழைய வரலாறு ஒன்றே போதும்.

இன்றைய வங்காள தேசத்தில் ராஜஷாகிப் பகுதியில் நவகாவ்ன் என்னும் ஊர் உள்ளது. பிரிட்டிஷ் ஆட்சியில் வங்காளத்துக்கு வேண்டிய கஞ்சா அவ்வட்டாரத்தில் லைசென்ஸ் பெற்ற குடியானவர்களால் பயிரிடப்பட்டது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணின் மகரந்தம் பெண்ணின் மேல் பட்டுவிட்டால் பூ விதையாக மாறிப் பிசின் குன்றும். எனவே பூப்பதற்கு முன்பே ஆண் செடிகளை அடையாளங்கண்டு களைந்தெறிய வேண்டும். இது எல்லோராலும் ஆகாது. இதில் தேர்ந்த போத்தார் என்னும் நிபுணர்கள் அங்கே இருந்தனர். போத்தார் வரிசை வரிசையாக வயலில் நடந்து, செடியின் தோற்றத்தை நோக்கியே இது ஆண் என்று கண்டுபிடித்து நீக்குவார். அதற்கு அவருக்குக் கூலி உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் ரஸாயனச் சாலையும் இல்லாத அக்காலத்தில் இவ்வளவு நுட்பமான வித்தை வயல் வரப்பிலே வளர்ந்தது. 1893-ஆம் ஆண்டில் சர்க்காரால் நியமிக்கப்பட்ட கஞ்சாக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கில்லை என்றும், முழுத் தடை அவசியமன்று என்றும், வரியாலும் லைசென்ஸாலும் கட்டுப்படுத்துவதே தக்கது என்றும் அது 1894-ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. அந்தக் கமிஷனின் ஏடுகளில் இந்தச் சாகுபடி முறையும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

அரசாங்கம் வரி தண்டுவதிலே குறியாக இருந்ததென்பது வெளிப்படை. ஆனால் நாம் கருத வேண்டிய பாடம் இதற்குப் பின்னே வருகிறது. 1917-ஆம் ஆண்டில் நவகாவ்ன் கஞ்சா சாகுபடியாளர் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். விளைவித்தவர்கள் கையிலேயே விற்பனையும் சேர்ந்தது. அச்சங்கம் தன் லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் ஆதரித்தது. வித்தை குடியானவனிடம் இருந்தது. வியாபாரமும் அவனிடம் வந்தது. அதனால் ஊர் செழித்தது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்றால் பயனில்லை.

இன்று அந்த வித்தையோடு புதிதாக ஒன்று சேர வேண்டியிருக்கிறது. அதுதான் அளவு. டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் மயக்கச் சத்து, உலர்ந்த செடியின் எடையில் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாதிருந்தால் நார்ப் பயிர், மேற்பட்டால் கஞ்சா. உத்தராகண்டம் வைத்துள்ள எல்லை இதுவே. அமெரிக்கா 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்த எல்லையும் இதுவே. இவ்வெண் எங்கிருந்து வந்தது? 1976-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்னும் தாவர சாஸ்திரிகள் இருவர், இச்செடியின் வகைகளைப் பிரித்துப் பெயரிடுவதற்காக இக்கோட்டை வரைந்தனர். இது தங்கள் சௌகரியத்துக்காகக் கொண்ட எல்லையே என்று அவர்களே வெளிப்படையாக எழுதினர். சாஸ்திரிகள் ஏட்டில் இழுத்த கோடு, காலப்போக்கில் குடியானவனுக்கும் சிறைச்சாலைக்கும் நடுவே நிற்கும் மதிலாகிவிட்டது.

அம்மதில் எவ்வளவு எளிதில் இடியக் கூடியது என்பதைப் பார்ப்போம். மயக்கச் சத்தின் அளவு விதையின் வமிசத்தைப் பொறுத்தது. செடி முதிர முதிர அது மிகும். இமயமலையின் நாட்டு வகைகள் பல இயல்பாகவே இவ்வெல்லையைக் கடந்தவை. குறைந்த சத்துள்ள நல்ல விதையை வெளியிலிருந்து தருவித்து விதைத்தாலும் கதை முடியவில்லை. இச்செடி காற்றினால் கருவுறுவது. அதன் மகரந்தம் மைல் கணக்கில் பறந்து செல்லும். மலையெங்கும் தானே முளைத்து நிற்கும் காட்டுச் செடிகளின் மகரந்தம் வயலில் வந்து விழுமாயின், அவ்வயலில் எடுத்த விதை மறுவருஷம் வேறு குணம் காட்டும். குடியானவன் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. காற்று வீசியதே குற்றம். கண்ணால் பார்த்து ஆண் செடியைக் கண்ட போத்தாருக்குக்கூட, நூற்றுக்கு 0.3 என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்கு ரஸாயனச் சாலை வேண்டும். சாலையோ மலைக் கிராமத்துக்கு வெகு தூரம்.

எல்லை மீறிய பயிருக்கு அநுமதியின் பாதுகாப்பு இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, அநுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டவனுக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இத்தண்டனையின் நிழலில் நிற்பவனுக்கு வரிசைக்கு வரிசை எத்தனை அடி இடைவெளி, ஏக்கருக்கு எவ்வளவு எரு என்று மட்டும் சொல்லிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது பயிற்சியாகுமா?

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சயாம் தேசமாகிய தாய்லாந்தில் 2022 ஜூன் மாதத்தில் கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினர். பத்து லக்ஷம் செடிகளை ஜனங்களுக்கு வழங்கப் போவதாக மந்திரி அறிவித்தார். ஊரெங்கும் உற்சாகம் பொங்கிற்று. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், வைத்தியர் சீட்டின்றிப் பூவை விற்கலாகாது என்று விதி மாறிற்று. அங்கே விதி தொட்டது பூவை. நம் மலைகளில் பேசப்படுவது நாரும் விதையும். ஆனாலும் பாடம் ஒன்றே. விதி மாறும்போது பெரிய மூலதனக்காரன் வேறு தொழிலுக்குத் தாவுவான். சிறு நிலக்காரன் அறுவடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

ஆதலின் ஹிமாசல, உத்தராகண்ட சர்க்கார்களுக்கும் அங்குள்ள சர்வகலாசாலைகளுக்கும் நாம் வற்புறுத்துவது இவை.

முதலாவது, விதை. மலையின் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதும் எல்லைக்குள் அடங்குவதுமான விதையைச் சர்வகலாசாலையே உண்டாக்கிக் குறைந்த விலைக்குத் தர வேண்டும். விதைக்குக் கம்பெனியை எதிர்பார்த்து நிற்பவன், நிலம் தன்னுடையதாயினும் கூலியாளே.

இரண்டாவது, சோதனை. பயிர் முதிருமுன் ஜில்லாதோறும் இலவசமாகச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். எல்லை நெருங்குகிறது என்று முன்னரே அறிந்தால், குடியானவன் காலத்தில் அறுத்துத் தப்புவான்.

மூன்றாவது, சட்டம். அநுமதி பெற்று, நல்ல விதை வாங்கி, நாணயமாகப் பயிரிட்டவனுடைய வயல் இயற்கையின் விளையாட்டால் எல்லை கடந்தால், அதற்குத் தண்டனை கிடையாது என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும். பயிரை அழிக்க நேர்ந்தால் நஷ்டஈடு தர வேண்டும்.

நான்காவது, ஆலை. அறுத்த தண்டை நீரில் ஊறவைத்து நார் உரிப்பது முதுகொடியும் வேலை. மலைநாட்டில் அது பெரும்பாலும் பெண்களின் தலையிலே விழுகிறது. நாருரிக்கும் யந்திரமும் எண்ணெய் பிழியும் யந்திரமும் கிராமத்துக்கு அருகில், கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது, மொழி. பயிற்சி மலைவாசிகளின் பேச்சு மொழியில், அவர்கள் வயலிலேயே நடக்க வேண்டும். நகரத்து ஹோட்டலில், ஏழைக்கு எட்டாத கட்டணத்தில், புரியாத பாஷையில் நடக்கும் முகாமிலே கற்றுக்கொள்பவன் குடியானவனல்லன். அவனுடைய நிலத்தின் மேல் கண் வைத்திருப்பவனே.

இச்செடியை அறிந்தவன் நெடுங்காலம் குற்றவாளியாக எண்ணப்பட்டான். குலு மலைகளிலே போலீஸார் ஆண்டுதோறும் செடிகளைப் பிடுங்கி எரித்தனர். இப்போது அதே செடி செல்வம் தரும் என்று பலரும் சொல்கிறார்கள். குற்றத்தின் பழியை நேற்றுச் சுமந்தவன் எவனோ, செல்வத்தின் பங்கும் நாளை அவனுக்கே முதலில் சேர வேண்டும். அதற்கு வழி செய்யும் பயிற்சியே பயிற்சி. நூறு ஆண்டுகளுக்கு முன்னே நவகாவ்ன் குடியானவர்கள் அந்நிய ஆட்சியின் கீழேயே சங்கம் கண்டு தங்கள் விளைவுக்குத் தாங்களே எஜமானர் ஆயினர். சுதந்திர இந்தியாவின் மலைக் குடியானவனுக்கு அதிற் பாதியாவது கிட்டாதென்றால், குறை அவன் அறிவிலன்று. அவனுக்குப் போதிக்க வந்தவர்களிடத்திலேதான்.